பிரேக் குழாயில் புகுந்த காற்று

காரைக்குடி பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தேவகோட்டை பஸ், திருப்பத்தூர் பஸ், மதுரை பஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கும். அது பிரேக்கில் வேலை செய்து முடித்த காற்று வெளியேறும் ஓசை. அத்தனை பெரிய பஸ்ஸை நிறுத்தி வைப்பது காற்றுதான்.

இனி, அங்கிருந்து சற்றுத் தள்ளி உள்ள ஏதாவது ஒரு கார் பட்டறைக்கு வாருங்கள். அங்கே மெக்கானிக் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பிரேக்கில ஏர் பிடிச்சிருக்கு. ஏர் எடுக்காம வண்டிய வெளியே விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பஸ்ஸை நிறுத்தும் அதே காற்று, காரின் பிரேக்கைக் கெடுப்பது எப்படி? இந்தப் புதிருக்கு விடை தேடுவதுதான் இந்தக் கட்டுரை. முதலில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பலவும் ஆண்டில் பல மாதங்கள் பூட்டிக் கிடப்பவை. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு என்றால் எல்லாரும் கூடுவார்கள். பிறகு மறுபடி பூட்டு. அப்படிப்பட்ட வீடு ஒன்றின் கொட்டகையில் ஓர் அம்பாஸடர் கார் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்றது. படைப்புக்கு வந்தவர்கள் அதை ஓட்ட விரும்பினார்கள். பேட்டரி மாற்றி, பெட்ரோல் ஊற்றி, வண்டியை உயிர்ப்பித்துவிட்டார்கள். பிரேக்கை மிதித்தபோது பெடல் மெல்லக் கீழே இறங்கியது. வண்டிக்கடியில் பார்த்தால் பின்சக்கரங்களுக்குப் போகும் குழாய் துருப்பிடித்து ஓரிடத்தில் கசிந்துகொண்டிருந்தது.

வண்டியைக் கட்டியிழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். குழாய் மாற்றியாயிற்று, பிரேக் ஆயிலும் ஊற்றியாயிற்று. "இனிமே எடுத்துக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். மெக்கானிக் பதில் சொல்லவில்லை. அவரையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, "ஐயா, ஒரு தடவ மிதிச்சுப் பாருங்க" என்றார். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையைத் தொட்டது. புதுக்குழாய், புது ஆயில், கசிவு ஒரு சொட்டும் இல்லை. ஆனால் பிரேக் மட்டும் இல்லை!

இது ஏன் என்று புரிய, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மருந்துக் கடையில் ஊசியில்லாத புதுச் சிரிஞ்சுகள் இரண்டு வாங்குங்கள்: ஒன்று 5 மில்லி லிட்டர், மற்றது 20 மில்லி லிட்டர். மீன் தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டையும் அதில் இணையுங்கள். எல்லாவற்றையும் நீருக்குள் அமிழ்த்தி, காற்றே இல்லாதபடி நிரப்புங்கள். இப்போது சின்னச் சிரிஞ்சை நீங்கள் அமுக்கினால் பெரிய சிரிஞ்சின் தண்டு வெளியே வரும். அதை உங்கள் நண்பர் விரலால் தடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் கொடுக்கும் விசையைவிடப் பெரிய விசை தம்மைத் தள்ளுவதை அவர் உணர்வார்.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் கண்ட உண்மை இது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம், திரவம் முழுவதும் குறையாமல் பரவும். பெரிய சிரிஞ்சின் குறுக்குப் பரப்பு சின்னதைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் அதே அழுத்தம் என்பதால் மொத்த விசையும் அத்தனை மடங்கு. இலவசமாக எதுவும் கிடைத்துவிடவில்லை. நீங்கள் இரண்டரை சென்டிமீட்டர் அமுக்கினால் அங்கே ஒரு சென்டிமீட்டர்தான் நகரும்.

இப்போது சோதனையின் இரண்டாம் பகுதி. சிரிஞ்சைக் கழற்றி, 2 மில்லி லிட்டர் அளவு காற்றை வேண்டுமென்றே உள்ளே விட்டு மறுபடி மாட்டுங்கள். நண்பர் பெரிய தண்டை அசையவிடாமல் இறுகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அமுக்குங்கள். நீர் மட்டும் இருந்தபோது கல்லைத் தள்ளுவது போலிருந்தது. இப்போது பஞ்சை அழுத்துவது போல் உங்கள் தண்டு உள்ளே போகிறது. கட்டைவிரலின் பலத்திலேயே காற்றுக்குமிழி பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடுகிறது. விரலை எடுத்தால் தண்டைத் திருப்பித் தள்ளுகிறது. நீங்கள் அமுக்கியது நண்பரின் கைக்குப் போய்ச் சேரவில்லை. குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிட்டது.

இங்கே துணைக்கு வருபவர் ராபர்ட் பாயில். வெப்பநிலை மாறாதிருந்தால், அழுத்தம் இரண்டு மடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகும். பத்து மடங்கானால் பத்தில் ஒன்றாகும். பாயில் இதை வெளியிட்டது 1662இல். பாஸ்கல் இறந்ததும் அதே ஆண்டுதான். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு, 1663இல் அச்சேறியது. ஓராண்டு இடைவெளியில் அச்சான இந்த இரண்டு விதிகளும் காரின் பிரேக் பெடலுக்குக் கீழே வந்து மோதிக்கொள்ளும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்!

இனிக் காரின் கணக்குக்கு வருவோம். கீழே வரும் எண்கள் மனக்கணக்குக்கு வசதியாக முழு எண்களாக எடுத்துக்கொண்டவை. வண்டிக்கு வண்டி மாறுபடும். ஆனாலும் உண்மைக்கு வெகு தொலைவில் இல்லை.

பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். கால் 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் மறுமுனை 1 சென்டிமீட்டர் நகரும். விசை ஐந்து மடங்காகும். 30 கிலோகிராம் எடைக்குச் சமமாக நீங்கள் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 150 கிலோ எடை விழும். அந்தப் பிஸ்டனின் பரப்பு 3 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 50 கிலோ. இது குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் வீல் சிலிண்டர் என்ற சிறு உருளையும் அதில் இரண்டு பிஸ்டன்களும் உண்டு. ஒரு பிஸ்டனின் பரப்பு 5 சதுர செ.மீ. ஆனால் அது பிரேக் ஷூவை 250 கிலோ எடையோடு டிரம்மின் மீது அழுத்தும். முப்பது கிலோ மிதித்ததற்கு எட்டு பிஸ்டன்களில் ஒவ்வொன்றிலும் 250 கிலோ! பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. மெக்கானிக்கின் கவலை இதற்கு அடுத்த கணக்கில் இருக்கிறது.

அது கன அளவுக் கணக்கு. பெடல் மொத்தம் 15 செ.மீ. தான் இறங்க முடியும். அதற்குக் கீழே தரை. அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 செ.மீ. நகரும். பரப்பு 3 சதுர செ.மீ.; ஆக ஒரு மிதிக்கு அது தள்ளக்கூடிய திரவம் 9 கன செ.மீ. இரண்டு தேக்கரண்டிகூட இல்லை. பிரேக்கின் மொத்தக் கையிருப்பே அவ்வளவுதான்.

இதில் செலவு என்ன? ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிஸ்டன்களும் அந்த அரை மில்லிமீட்டர் நகர 2 கன செ.மீ. திரவம் வேண்டும். திரவமும் அழுத்தத்தில் துளி சுருங்கத்தான் செய்யும். குழாய்களிலும் சிலிண்டர்களிலுமாக 100 கன செ.மீ. இருந்தால் இந்த அழுத்தத்தில் அது சுருங்குவது சுமார் 0.3 கன செ.மீ. மொத்தச் செலவு 2.3. பெடல் 4 செ.மீ. போல இறங்கி, கல்லாக நிற்கும்.

இப்போது 4 கன செ.மீ. காற்று உள்ளே மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மடங்கு அழுத்தத்தில் அது ஒரு சிறு பொட்டாகிவிடும். அதைச் சுருக்கவே ஏறக்குறைய 4 கன செ.மீ. திரவம் செலவாகும். மொத்தச் செலவு 6.3, பெடல் பத்தரை செ.மீ. இறங்கிய பிறகே பிரேக் பிடிக்கும். காற்று 8 கன செ.மீ. ஆகிவிட்டால் செலவு 10ஐத் தாண்டுகிறது. கையிருப்போ 9. பெடல் தரையைத் தட்டிவிடும். சக்கரங்களுக்குப் போதிய அழுத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

அம்பாஸடருக்கு வருவோம். பிரேக் குழாயின் உள்விட்டம் 3 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். பின்பக்கம் போகும் குழாய் 2 மீட்டர் நீளம் என்றாலே உள்ளே 14 கன செ.மீ.க்குக் குறையாமல் இடம் இருக்கும். புதிதாக மாட்டிய குழாயில் அத்தனையும் காற்று. பெடல் ஏன் தரையைத் தொட்டது என்று இப்போது விளங்குகிறதா?

பெடல் முழுதும் கீழே போய்விட்டால் யாரும் வண்டியை எடுக்கமாட்டார்கள். எனவே நிறையக் காற்று இருப்பதைவிடக் கொஞ்சம் காற்று இருப்பதுதான் ஆபத்து. இரண்டு மூன்று முறை சடசடவென்று மிதித்தால், ஒவ்வொரு மிதிக்கும் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் திரவம் கூடுதலாக உள்ளே போய், பெடல் மேலே வந்துவிடும். "பம்ப் பண்ணினா பிடிக்குது" என்று சிலர் அப்படியே ஓட்டுவார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. முதல் மிதி வீணாகி, இரண்டாவதற்கு ஒரு நொடி ஆனாலும் அந்த நொடியில் வண்டி ஒரு பஸ்ஸின் நீளத்தை விட அதிக தூரம் போய்விடும். குறுக்கே ஓடிவரும் குழந்தை அந்த ஒரு நொடியைத் தரப்போவதில்லை.

சரி, காற்றை எப்படி வெளியேற்றுவது? நமது சிரிஞ்சுக்கே திரும்புவோம். மருத்துவமனையில் ஊசி போடுபவர் என்ன செய்கிறார்? சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, விரலால் இரண்டு முறை சுண்டி, குமிழியை மேலே வரவழைத்து, மெல்ல அமுக்கி வெளியேற்றுகிறார். பட்டறையில் நடப்பதும் அதுவே. ஆனால் வண்டியைத் தலைகீழாக நிமிர்த்த முடியாதே! அதனால் ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் உச்சியான இடத்தில் ஒரு சிறு திருகு வைத்திருக்கிறார்கள். பிளீடர் நிப்பிள் என்று பெயர். நடுவில் துளையுள்ள திருகு அது. இறுக்கினால் அடைத்துக்கொள்ளும்; கால் சுற்று தளர்த்தினால் வழிவிடும்.

பட்டறையில் இதற்கு இரண்டு பேர் வேண்டும். காருக்குள் பெடல் மீது ஒரு பையன், சக்கரத்தடியில் மெக்கானிக். நிப்பிளில் ரிங் ஸ்பானரை மாட்டி, அதன் மேல் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைக் கொஞ்சம் புது பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிட்டிருந்தார் அவர்.

"தம்பி, அமுக்கு."

"அமுக்கிட்டேண்ணே."

"அப்படியே பிடி. விட்டுடாத."

நிப்பிள் திறக்கிறது. குழாயில் கொடகொடவென்று குமிழிகள் ஓடிப் பாட்டிலுக்குள் வெடிக்கின்றன. பெடல் தரைக்கு இறங்குகிறது.

"கீழ போயிருச்சுண்ணே."

"பிடிச்சுக்கோ." நிப்பிள் மூடுகிறது. "இப்ப விடு. மெதுவா."

இந்த உரையாடல் அன்று நாற்பது ஐம்பது முறை நடந்திருக்கும். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சொற்களின் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. நிப்பிளை மூடும் முன் பையன் காலை எடுத்துவிட்டால், பின்னோக்கி வரும் பிஸ்டன் வெளிக்காற்றை நிப்பிள் வழியாகவே உள்ளே இழுத்துவிடும். குழாயின் முனையை ஆயிலில் மூழ்கவிட்டிருப்பது அதற்கு ஒரு காப்பு: தவறு நடந்தாலும் உறிஞ்சப்படுவது காற்றாக இராமல் ஆயிலாக இருக்கும். பையன் ஒருமுறை அவசரப்பட்டு விட்டுவிட்டான். மெக்கானிக் ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தச் சக்கரத்துக்கு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஒரு மிதிக்கு 9 கன செ.மீ. தள்ள முடியும் என்றால், 14 கன செ.மீ. காற்றை விரட்ட இரண்டு மிதி போதாதா? நானும் அப்படித்தான் கேட்டேன். குறுகலான குழாயில் காற்று ஒரு தக்கை போலத் திரவத்தின் முன்னே நகர்ந்து போய்விடும், அதில் சிரமமில்லை. ஆனால் குழாய் மேடாக வளையும் இடங்களிலும், சிலிண்டர்களின் அகன்ற உட்பகுதியிலும் குமிழி தங்கிவிடும். மிதிக்கும்போது கொஞ்சம் முன்னே போய், விட்டதும் மேடு நோக்கித் திரும்ப ஊர்ந்துவிடும். சின்னக் குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தம்ளரில் சோடா ஊற்றினால் விளிம்பில் ஒட்டியிருக்கும் முத்துகளைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல. அதற்காகத்தான் மெக்கானிக் ஸ்பானரின் பின்புறத்தால் சிலிண்டரை மெல்லத் தட்டுகிறார். அவசர அவசரமாக மிதித்தால் பெரிய குமிழி உடைந்து நுரையாகும். நுரை மேலேறி வர வெகுநேரம் பிடிக்கும். அதற்கு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து தொடர்வதே மேல்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ளதில் முடிப்பார்கள். நீளமான வழியில் உள்ள காற்றை முதலில் விரட்டிவிட்டால், மிச்சம் சுலபம். இடையிடையே பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்ப்பதும் அவசியம். அது வற்றிவிட்டால் மேலேயிருந்து புதுக்காற்று புகுந்துவிடும். அரைமணி நேர உழைப்பு வீண். இன்னொரு நுணுக்கம். பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதி பல ஆண்டுகளாகப் பிஸ்டன் எட்டாத இடம். அங்கே துருவும் கசடும் சேர்ந்திருக்கும். பெடலைத் தரைவரை அமுக்கினால் ரப்பர் வாஷர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். அதைத் தவிர்க்க நம் மெக்கானிக் பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தார். எந்தப் புத்தகத்தில் படித்தார் என்று கேட்டேன். "மூணு வாஷர் கிழிஞ்ச பிறகு கத்துக்கிட்டது" என்றார்.

குழாய் ஏன் துருப்பிடித்தது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. அதற்குப் பதில் தெரிந்தவர்கள் காரைக்குடியிலேயே இருக்கிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது, ஊர்க்காரர்களுக்கு 'சிக்ரி'. 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் சமயத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோகங்களின் அரிமானம் அங்கே ஆராயப்படும் முக்கியத் துறைகளில் ஒன்று. கடலோர மண்டபத்தில் அதற்கென்றே ஒரு நிலையம் வைத்து, உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் நிறுத்தி எவ்வளவு அரிக்கப்படுகிறது என்று அளந்திருக்கிறார்கள். நாட்டின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கப்படும் என்று காட்டும் வரைபடமும் இந்த நிலையம் தயாரித்ததுதான்.

துரு என்பது ஒரு மின்வேதி வினை. குழாயை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்துவைக்கும் கிளிப்பின் இடுக்கில் சேறு ஒட்டிக்கொள்கிறது. சேற்றின் ஈரத்துக்கு அடியில் ஆக்ஸிஜன் குறைவு; அதையடுத்த திறந்த பகுதியில் ஆக்ஸிஜன் அதிகம். இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. ஆக்ஸிஜன் குறைந்த இடம் நேர்மின்வாயாகி, அங்கே இரும்பு கரைந்துகொண்டே போகிறது. அதனால்தான் குழாய் முழுவதும் பளபளவென்றிருக்க, கிளிப்புக்குக் கீழே மட்டும் குழி விழுந்திருக்கும். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. வண்டி ஓடாமல் நின்றால் தேய்மானம் இல்லை என்று நாம் நினைக்கிறோம். ஈரச் சேறு ஒட்டிய வண்டிக்கு ஓய்வே கிடையாது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாய்கள் இந்த அரிமானத்தை நன்கு தாங்கும்; சில வண்டிகளில் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

உள்ளிருக்கும் திரவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் அல்ல. தொடக்க காலத்தில் ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்து ஊற்றினார்கள். நம் வீட்டு விளக்கெண்ணெய்தான்! இன்று கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஊற்றுவது பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊறி உப்பிவிடும். பிரேக் மொத்தமும் பாழ். பிரேக் ஆயில் சிந்தினால் வண்டியின் பெயிண்ட் உரியும் என்பதையும் பட்டறைப் பையன்கள் ஓர் அடி வாங்கியேனும் கற்றிருப்பார்கள்.

இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட குணம்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்து வைத்த டப்பாவில் மட்டுமல்ல, ரப்பர் ஹோஸ்களின் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் நீர் ஊடுருவும். டாட் 3 என்று குறித்த புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்த பிறகு அதே விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போய்வந்தவர்களுக்கு மலைப்பாதை இறக்கம் தெரியும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் டிரம்மும் டிஸ்கும் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். பழைய திரவத்திலுள்ள நீர் ஆவியாகிக் குமிழியாகும். ஆவியும் வாயுதானே? பட்டறையில் வேலை சரியாகச் செய்திருந்தும், காற்றுப் புகாமலிருந்தும், பாயில் விதி நடு மலையில் வந்து பெடலைத் தரைக்கு இறக்கிவிடும். வண்டியை எப்படியோ நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டால் ஆவி நீராகி, பிரேக் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்யும். காரணம் தெரியாதவர்கள் பேய் பிசாசு என்றுகூடச் சொல்வார்கள். இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு எஞ்சினையே தடையாகப் பயன்படுத்தச் சொல்வதும், குறித்த காலத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதும் இதனால்தான். பாட்டிலில் பிடித்த பழைய ஆயிலை மறுபடி ஊற்றக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே: அதில் நுண்ணிய குமிழியும் இருக்கும், நீரும் இருக்கும்.

திரவத்தால் இயங்கும் பிரேக்குக்கு 1917இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். விமானங்களால் பெயர்பெற்ற லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர். 1921இல் டூஸன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்கோடு வந்தது. தமிழ்நாட்டில் 1962ஆம் ஆண்டை இதற்கான ஆண்டு என்று சொல்லலாம். சென்னையை அடுத்த பாடியில் கார்களுக்கான பிரேக் செய்ய பிரேக்ஸ் இந்தியாவும், லாரி, பஸ்களுக்கான காற்று பிரேக் செய்ய சுந்தரம் கிளேட்டனும் அந்த ஆண்டில் தொடங்கப்பட்டன. இரண்டும் அப்போது டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனங்களாக இருந்தன. திரவ பிரேக்கும் காற்று பிரேக்கும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில்!

இப்போது பேருந்து நிலையப் புதிரை அவிழ்த்துவிடலாம். பஸ் ஓட்டுநரின் கால் காற்றைத் தள்ளுவதே இல்லை. எஞ்சினோடு இணைந்த கம்ப்ரஸர் ஓயாமல் காற்றை அமுக்கி, வண்டிக்கடியில் உள்ள தொட்டிகளில் சேர்த்துவைக்கிறது. பெடல் வெறும் வால்வு. அதைத் திறந்தால் தொட்டிக் காற்று பாய்ந்து பிரேக்கை இயக்குகிறது. காலை எடுத்ததும் வேலை முடிந்த காற்று 'புஸ்ஸ்' என்று வெளியே போகிறது. காற்று சுருங்குவதால் அங்கே நட்டமில்லை. குறைந்ததைக் கம்ப்ரஸர் நிரப்பிவிடும். காரிலோ கையிருப்பு ஒரு மிதிக்கு 9 கன செ.மீ. அதில் குமிழி திருடியதை ஈடுகட்ட யாரும் இல்லை. பஸ் காலையில் புறப்படும் முன் தொட்டியடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீர் வடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அமுக்கிய காற்றின் ஈரம் நீராகத் தேங்கி, குழாயையும் வால்வையும் கெடுக்கும். காற்று பிரேக்குக்கு அதுதான் தொல்லை.

உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருந்தால், கைப்பிடி அருகிலுள்ள சின்ன டப்பாவின் மூடியில் டாட் 4 அல்லது டாட் 3 என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். கீழே டிஸ்க்கைப் பிடித்திருக்கும் பகுதியில் ரப்பர் தொப்பி மாட்டிய நிப்பிளும் தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திருகிப் பார்க்க வேண்டாம். சிரிஞ்சுகளை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். இன்றைய கார்களில் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு உண்டு, அதன் பம்புக்குள் காற்றுப் புகுந்துவிட்டால், பல வண்டிகளில் கணினிக் கருவியை இணைத்து அந்தப் பம்பை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும். பிரேக் குழாய் வழியையே இரண்டாகப் பிரித்து, ஒன்று பழுதானாலும் மற்றது வண்டியை நிறுத்தும்படி செய்திருக்கிறார்கள். பழைய அம்பாஸடரில் அந்த ஏற்பாடு இல்லை. ஒரே வழி, அது போனால் கைப்பிரேக்தான் கதி.

அன்று பட்டறையில் நான்காவது சக்கரம் முடிய மாலையாகிவிட்டது. பிளாஸ்டிக் குழாயில் குமிழியே இல்லாமல் தெளிந்த ஆயில் மட்டும் வந்த பிறகும், மெக்கானிக் மேலும் நாலு மிதி மிதிக்கச் சொன்னார். பிறகு தாமே இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பெடலை முழு பலத்தோடு மிதித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். பெடல் அசையவில்லை. அது மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் எங்கோ கசிவு என்று அர்த்தம். பையன் டார்ச் விளக்கோடு நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் புதுக்குழாயின் இணைப்புகளையும் தொட்டுப் பார்த்து, "ஈரம் இல்லண்ணே" என்றான்.

வண்டியை முதலில் பட்டறை வாசலிலேயே நடக்கும் வேகத்தில் உருட்டி, மூன்று முறை நிறுத்திப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் சாவி வீட்டுக்காரர் கைக்குப் போனது.